குளிர்காலத்தில் நீர்ப்பூங்கா: ஷார்ஜாவிலிருந்து ஒரு குடும்பத்தின் அனுபவம்

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மாலை நாலே கால் மணி இருக்கும். துபாயில் ஒரு நீர்ப்பூங்காவின் சறுக்குக் கோபுரத்தில், மூன்றாவது மாடிப் படித்திருப்பத்தில், நானும் எட்டு வயது மகனும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கடலிலிருந்து வந்த காற்று படிக்கட்டின் கம்பிகளுக்கிடையே புகுந்து நேராக எங்கள்மேல் அடித்தது. மகன் முதலில் கைகளைக் கட்டிக்கொண்டான், பிறகு என் இடுப்போடு ஒட்டிக்கொண்டான், பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டான். குனிந்து பார்த்தபோது அவன் உதடுகள் நீலம் பாரித்திருந்தன, தாடை தந்தியடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்களிடம் வழி கேட்டு, ஈரப் படிகளில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எங்கள் துண்டுகள் எல்லாம் பூங்காவின் மறுகோடியில் இருந்த லாக்கரில் பூட்டிக் கிடந்தன. அங்கே போய்ச் சேர்வதற்கு ஆன அந்த ஏழெட்டு நிமிடங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று பகலில் வெப்பநிலை 23 டிகிரி. நீரும் வெதுவெதுப்பாகவே இருந்தது. கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நம் ஊர் மார்கழிக் காலையைப் போலத்தானே, இதில் என்ன குளிர் இருக்கப்போகிறது என்று எண்ணித்தான் நாங்கள் கிளம்பியிருந்தோம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, தென்காசியிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "குத்தாலத்துல நீ எப்பமா நடுங்குவ? அருவிக்குள்ள நிக்கையிலயா, வெளிய வந்து துண்டத் தேடயிலயா?" சாரல் காலத்தில் ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் போய் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கிவிட்டது. அருவிக்கு அடியில் நிற்கும்வரை உடம்பு தாங்கிக்கொள்ளும். வெளியே வந்து, சாரல் காற்று ஈர உடம்பின்மேல் படும்போதுதான் பற்கள் கிட்டும். நீர்ப்பூங்காவிலும் அதேதான் நடக்கிறது. குளிர் நம்மைப் பிடிக்கும் இடம் குளமன்று. ஈர உடம்போடு காற்றில் காத்து நிற்கும் படிக்கட்டு. அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு மூன்று முறையாவது போய் வருகிறோம். பயணத்தின் ஒவ்வொரு ஏற்பாட்டையும் அந்தப் படிக்கட்டை மனத்தில் வைத்தே செய்கிறோம்.

இதற்கான அறிவியல் எளிமையானது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் போதும். தோலின்மேல் இருக்கும் அதே ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். அந்த வெப்பத்தில் பெரும் பங்கை அது நம் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காற்று வேகமாக வீசினால் ஆவியாதலும் வேகமாக நடக்கும். ஆகஸ்ட் மாதத்தில் இங்கே காற்றே 40 டிகிரிக்கு மேல் கொதிப்பதால், ஈரம் எடுத்துச் செல்லும் வெப்பத்தை அந்தக் காற்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறது; ஜனவரியில் கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. குழந்தைகளின் நிலைமை இன்னும் கடினம். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு நம்முடையதைவிட அதிகம் என்பதாலும், தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு என்பதாலும், அதே வரிசையில் அதே நேரம் நிற்கும் தாய்க்குக் கொஞ்சம் சிலிர்க்கும்போதே பிள்ளைக்கு நடுக்கம் தொடங்கிவிடும். எனக்குக் குளிரவில்லை, அதனால் அவனுக்கும் குளிராது என்று அன்று நான் நினைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு.

ஆகவே இப்போது நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்பநிலைக்கு முன்னால் காற்றின் வேகத்தைப் பார்க்கிறோம். துபாயின் ஜனவரி, சராசரியாகப் பகலில் 24 டிகிரியும் இரவில் 14, 15 டிகிரியுமாக, பெரிய மாற்றமின்றி இருக்கும். காற்று அப்படியன்று. வடமேற்கிலிருந்து வரும் ஷமால் காற்று எழுந்துவிட்டால் இரண்டு மூன்று நாட்கள் கடல் கொந்தளிக்கும், மணல் பறக்கும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு விறைக்கும். தேசிய வானிலை மையம் அந்த நாட்களில் காற்றுக்கும் கடலுக்கும் எச்சரிக்கை வெளியிடும். அந்த எச்சரிக்கை இருந்தால் நாங்கள் போவதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் குறைவான காற்றோடு 22 டிகிரி இருக்கும் நாளை, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றோடு 26 டிகிரி இருக்கும் நாளைவிட மேலானதாக எங்கள் வீட்டில் மதிக்கிறோம். நுழைவுச்சீட்டுகளைப் பெரும்பாலும் தேதி குறித்தே விற்பதால், இரண்டு நாட்களுக்கு முன்புவரை காத்திருந்து, முன்னறிவிப்பைப் பார்த்த பின்பே வாங்குகிறோம். வானிலை சரியில்லாமல் போனால் தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே படித்துவிட வேண்டும்.

விலை குறைவு என்பதற்காக ஒரு மாதம் முன்னதாகவே சீட்டு வாங்கிய ஆண்டும் உண்டு. நாங்கள் போன நாளில் மின்னலோடு மழை வந்தது. மின்னல் தெரிந்தால் எல்லோரையும் நீரிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள் என்பதால், பகலில் பாதியைச் சிற்றுண்டிக் கூடத்தின் கூரைக்குக் கீழே கழித்தோம். அமீரகத்தில் மழை குறைவு என்றாலும், பெய்யும் மழையில் பெரும்பகுதி இந்தக் குளிர் மாதங்களில்தான் பெய்கிறது.

கூட்டத்தையும் இதோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். குளிர்காலம் இங்கே சுற்றுலாப் பருவம். டிசம்பர் இரண்டாம் தேதி தேசிய தின விடுமுறையிலும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களிலும் சறுக்குகளின் வரிசை நீண்டுவிடும். கோடையில் நாற்பது நிமிட வரிசை சலிப்பை மட்டுமே தரும். குளிர்காலத்தில் அது நாற்பது நிமிடம் ஈரத்தோடு காற்றில் நிற்பது. ஆகவே பள்ளி திறந்த பிறகு, ஜனவரியின் பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ ஒரு வார நாளில் நாங்கள் இருவரும் விடுப்பு எடுத்து, பிள்ளைகளுக்கும் ஒரு நாள் விடுப்புச் சொல்லிப் போகிறோம். படிப்பு கெடும் என்று என் கணவர் முதலில் தயங்கினார். பத்து நிமிடத்தில் கோபுரத்தின் உச்சியை அடைந்த நாளைப் பார்த்த பின் அவரே தேதி குறிக்கத் தொடங்கிவிட்டார். ஒன்று மட்டும்: கூட்டம் குறைந்த இந்த வாரங்களில்தான் பூங்காக்கள் சில சறுக்குகளைப் பராமரிப்புக்காக மூடுகின்றன. மகள் ஓராண்டாகக் கனவு கண்ட சறுக்கு மூடியிருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

நாளுக்குள்ளும் நல்ல பொழுது என்று ஒன்று இருக்கிறது. காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, இரவெல்லாம் பாலைவனத்தில் குளிர்ந்து வருவது. நண்பகலை ஒட்டி அது திரும்பிக் கடற்காற்றாகும். பிற்பகலில் அது வலுக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் சூரியன் ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. டிசம்பர் இறுதியில் உச்சிப் பொழுதில்கூடத் தெற்கு வானில் ஏறத்தாழ 41 டிகிரி உயரத்துக்கு மேல் அது ஏறுவதில்லை என்பதால், மாலை நான்கு மணிக்குக் கோபுரங்களின் நிழல் அவற்றின் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக நீண்டு, படுக்கை நாற்காலிகளையும் நடைபாதைகளையும் மூடிவிடும். அன்று என் மகன் நடுங்கிய படிக்கட்டும் அப்படி நிழலுக்குள் போயிருந்ததுதான். பதினொரு மணிக்கு நீரில் இறங்கி மூன்றரைக்கு முடித்துக்கொள்வது என்று இப்போது வைத்திருக்கிறோம். கொடுத்த பணத்துக்கு மாலை வரை இருந்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மூன்றரைக்குப் பிறகான நேரத்தைப் பிள்ளைகளின் உடம்பைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பூங்கா என்பதும் முக்கியம். இங்குள்ள பெரிய நீர்ப்பூங்காக்கள் கோடையில் நீரைக் குளிர்வித்தும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக்கியும் வைத்திருக்கின்றன. ஆனால் எல்லாக் குளங்களும் ஒரே அளவில் சூடாக இருப்பதில்லை. சீட்டு வாங்குமுன் தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன். 1999இல் திறக்கப்பட்ட வைல்டு வாடி, புர்ஜ் அல் அரப் விடுதிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. அதன் உயரமான சறுக்கு 32 மீட்டர். அந்த உச்சியில் காற்று எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே பூங்காவில், மிதவையில் உட்கார்ந்த நம்மை நீர்த்தாரைகளின் வேகத்தால் மேட்டின்மேல் தள்ளிச் செல்லும் சறுக்குகளும் இருக்கின்றன. அவற்றில் ஏறுவதும் நீரோடுதான் என்பதால் படியேறி நிற்கும் நேரம் குறைகிறது. குளிர்காலத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை வேறில்லை என்பது என் கருத்து. பாம் ஜுமைரா செயற்கைத் தீவில் உள்ள அக்வாவென்ச்சர் பூங்காவின் நீண்ட மிதவை ஆற்றிலும், தோள்வரை நீருக்குள் அமிழ்ந்து போனால் நெடுநேரம் குளிராமல் இருக்கலாம். மிதவையின் மேல் கைகால்களை வெளியே நீட்டிப் படுத்தால் அரைமணியில் விறைத்துவிடும். இதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தை இருந்தால், உயரமான கோபுரங்களுள்ள பூங்காக்களைவிட, 2 முதல் 12 வயதினருக்காக அமைத்த லெகோலேண்டு நீர்ப்பூங்கா போன்ற இடமே நல்லது. சறுக்குகள் தாழ்வாக இருப்பதால் காத்திருப்பதும் தரையை ஒட்டியே நிகழும். கடற்கரையோடு கூடிய பூங்கா என்றால், வெதுவெதுப்பான குளத்திலிருந்து பிள்ளைகள் நேராகக் கடலுக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் கடல்நீர் 22 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும்.

உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களுக்கு மிகுந்த பயன் தந்தது அதுதான். பருத்தித் துணி நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, காற்றில் நிற்கும் நேரமெல்லாம் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நைலானும் ஸ்பாண்டெக்ஸும் கலந்த, உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை தண்ணீரை விரைவில் வடியவிட்டு, வெயிலிலிருந்தும் காக்கும். குளிர்காலமே ஆனாலும் இந்த நண்பகல் வெயில் நீரின்மேல் பட்டு முகத்தைக் கறுக்கடிக்கத்தான் செய்கிறது. மகனுக்கு அதற்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள, அரைக்கை, அரைக்கால் நியோப்ரீன் (நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் போன்ற பொருள்) உடை ஒன்று வாங்கினோம். அது நல்ல உடைதான், ஆனால் முதுகுப்பக்கம் உலோக ஜிப் வைத்தது. சறுக்கின் பரப்பை உலோகம் கீறிவிடும் என்பதால், கோபுரத்தின் உச்சியில் நின்ற பாதுகாவலர் அவனைச் சறுக்க விடவில்லை. அத்தனை படிகளையும் ஏறிய பிள்ளை அழுதுகொண்டே இறங்கினான். அவர் செய்தது சரிதான். ஜிப் இல்லாமல் தலைவழியாக அணியும் நியோப்ரீன் சட்டையை அடுத்த முறை தேடி வாங்கினோம். ஜிப், பொத்தான், கொக்கி எதுவும் வெளியே தெரியாத உடையா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எனக்கும் மகளுக்கும் நீண்ட கூந்தல். ஈரப் பின்னல் முதுகில் கிடந்தால் உலர மாலையாகிவிடும். அதுவரை கழுத்திலும் முதுகிலும் நீர் வழிந்துகொண்டே இருக்கும். இப்போது கொண்டையை இறுக்கிப் போட்டு, அதன்மேல் சிலிகோன் நீச்சல் தொப்பி அணிகிறோம். அழகாக இல்லையே என்று மகள் முதலில் சிணுங்கினாள். ஒரு நாள் அணிந்து பார்த்த பின் அவளாகவே எடுத்து வைக்கிறாள்.

துண்டு இருக்க வேண்டிய இடம் லாக்கர் இல்லை. சறுக்கு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், காற்று படாத ஒரு மூலையில், ஆளுக்கொரு துண்டும் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் முக்காடு வைத்த துவாலை அங்கியும் நீர்புகாப் பையில் இருக்க வேண்டும். எங்களில் ஒருவர் எப்போதும் உலர்ந்த நிலையில் அந்தப் பையோடு கீழே நிற்கிறோம். நானும் கணவரும் முறை மாற்றிக்கொள்கிறோம். இரண்டு பேரும் நனைந்துவிட்டால் பிள்ளையைச் சூடாக்க உலர்ந்த மடி இருக்காது என்பதை அன்றைய படிக்கட்டில் கற்றுக்கொண்டேன்.

பூங்காவுக்குள் போனதும் அலைக்குளத்துக்கு ஓடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். நாங்கள் அதை மாற்றி, உடம்பில் சூடும் வானில் வெயிலும் இருக்கும்போதே, வரிசை சேர்வதற்கு முன், உயரமான சறுக்குகளை முடித்துவிடுகிறோம். மூன்று சறுக்குகள் ஆனதும் வெயிலில் கால்மணி நேரம் துவட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நடுக்கம் வந்தாலும் வராவிட்டாலும் இது கட்டாயம். அலைக்குளமும் மிதவை ஆறும் பிற்பகலுக்கு. அவற்றில் வரிசை இல்லை, உடம்பு நீருக்குள்ளேயே இருக்கும். வெளியேறும் நேரம் வந்ததும் ஒரேயடியாக வெளியேறி, குளித்து, உலர்ந்த உடைக்கு மாறிவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று ஈரத்தோடு திரும்பிப் போவதற்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, காலையில் வீட்டிலேயே நெய் விட்ட வெண்பொங்கலோ இட்லியோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். பசித்த உடம்பு விரைவில் குளிரும். வெளியுணவுக்குப் பெரும்பாலும் தடை உண்டு. உள்ளே நண்பகலில் சூடான சூப்பும் நாலைந்து மிடறு கரக் சாயும் (இங்கே குடிக்கும் கெட்டியான பால்தேநீர்) போதும். ஐஸ்கிரீமை மட்டும் கடைசி உடைமாற்றத்துக்குப் பின் என்று ஒத்திவைக்கிறோம். தாகம் தெரியாததால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். குளிர்ந்த நீரில் இருக்கும்போது சிறுநீரும் அடிக்கடி வரும். ஒட்டிய உடையைக் கழற்றி மாட்ட நேரம் ஆகும் என்பதால், ஒவ்வொரு இடைவேளையிலும் கழிப்பறைக்கும் போய்வரச் சொல்கிறேன்.

நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல். நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே அசைந்து சூடு உண்டாக்கும் முயற்சி. அது தொடங்கியதுமே நீர் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும்: ஈர உடையைக் கழற்றி, துவட்டி, உலர்ந்த துணி போர்த்தி, தலையை மூடி, இனிப்பான சூடான பானம் கொடுத்து, வெயிலில் உட்கார வைத்தால் இருபது நிமிடத்தில் பிள்ளை தேறிவிடும். கைகால்களை அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. உதடு நீலமான பிள்ளையை அன்றைக்கு மறுபடி நீரில் இறக்குவதில்லை. பேச்சு குழறினாலோ, பிள்ளை தூங்கி விழுந்தாலோ, குளிர் இருக்கும்போதே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டாலோ அது தேறியதன் அடையாளமன்று. உடனே உயிர்காப்பாளரை அழைத்து முதலுதவி அறைக்குக் கொண்டுபோக வேண்டும். மகளுக்குச் சிறுவயதில் மூச்சிரைப்பு இருந்தது. குளிர்ந்த காற்று அதைத் தூண்டக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், அவளுடைய இன்ஹேலர் அந்த நீர்புகாப் பையில் எப்போதும் இருக்கிறது.

அம்மாவை அழைத்துப்போன நாளில்தான் இன்னொன்றையும் கற்றேன். அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும் என்பதால், முழங்கால் அளவு நீரில் நடந்ததோடு நிறுத்திக்கொண்டார். நீரில் இறங்காதவருக்கு என்ன குளிர் என்று நாங்கள் அவரை நிழலில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டோம். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் குளிர்ந்துபோனவர் அவர்தான். அவரும் அதைச் சொல்லவில்லை. இப்போது அவருக்கென்று காலுறையும் கம்பளிச் சால்வையும் தனியே வருகின்றன. வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக் கொடுக்கிறோம்.

திரும்பும் வழியில் காரின் ஏசியை அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அபுதாபியின் யாஸ் தீவில் உள்ள பூங்காவுக்குப் போவதாக இருந்தால் காலைப் பனிமூட்டத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பனி அடர்ந்த காலைகளில் அங்கே நெடுஞ்சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் வெயில் ஏறிய பின் ஒன்பதரைக்குக் கிளம்பினாலே போதும். எப்படியும் பதினொரு மணிக்கு முன் நீரில் இறங்கப்போவதில்லை.

கடந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனோம். காற்று அடங்கிய நாள். மகனுக்கு அதே உயரமான சறுக்கில் போக வேண்டும். பதினொன்றரைக்குப் படியேறினோம், வெயில் படிகளின்மேல் விழுந்து கால்களுக்கு இதமாக இருந்தது, வரிசையில் பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள். அவன் முதலில் சறுக்கினான், நான் பின்னால் வந்தேன். நான் நீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, அம்மா கரையில் துவாலை அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு, "எய்யா, காத்து வருது, ஓடியா, ஓடியா" என்று கூப்பிட, அவன் "ஆச்சி, இன்னொரு வாட்டி" என்று கத்திக்கொண்டே அந்த அங்கிக்குள் ஓடிப் புகுந்துகொண்டிருந்தான்.